வெளிநாட்டுச் சொந்தங்கள் வரும் பொங்கல்: முட்டுக்கார அப்பாவையும் பச்சைப்பிள்ளையையும் எப்படிக் காப்பது?

கேள்வி: டொக்டர், நாங்கள் கோண்டாவிலில் இருக்கிறோம். அப்பாவுக்கு 76 வயது. நெடுங்காலம் சுருட்டுப் பத்தினவர். முட்டும் சலரோகமும் இருக்கிறது. மகளுக்குப் போன கிழமை பெண்குழந்தை பிறந்தது. தைப்பொங்கலுக்குத் தம்பி குடும்பம் ரொறன்ரோவிலிருந்தும் அத்தை குடும்பம் லண்டனிலிருந்தும் 10ஆம் திகதி வருகிறார்கள். எங்களோடு சேர்த்து 17 பேர், எல்லாரும் எங்கள் வீட்டில்தான். மூன்று வருடத்துக்கு முன் இப்படி வந்தபோது இரண்டாம் நாளே ஒருவருக்குத் தடிமன், பிறகு வீடு முழுக்க. அப்பா 8 நாள் வார்ட்டில் கிடந்தார். வரவேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் காலத்துக்கும் குறைதான். என்ன செய்யலாம்? பொங்கலன்று பிள்ளையை முற்றத்துக்குக் கொண்டுவரலாமா? — வாசகி ஒருவர், கோண்டாவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வரவேண்டாம் என்று நீங்கள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் யார் எங்கே படுப்பது, யாருக்காவது தடிமன் தொடங்கினால் அவர் எந்த அறைக்குப் போவது என்ற இரண்டையும் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். போன முறை அப்பாவுக்கு வருத்தம் தொற்றியது பொங்கல் பந்தியிலாக இருக்காது. யன்னல் பூட்டிய ஹோலில் எல்லாரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்த இரவுகளில்தான் தொற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். பந்தி அரைமணி நேரம், அதுவும் பெரும்பாலும் வெளியில். நித்திரையோ 7, 8 மணித்தியாலம், ஒரே காற்றை எல்லாரும் மாறிமாறி மூச்சிழுத்தபடி. இன்புளுவன்சா, கொவிட் போன்ற வைரஸ்கள் தும்மலில் தெறிக்கும் பெரிய துளிகளில் மட்டும் வருவதில்லை. கதைக்கும்போதும் சும்மா மூச்சு விடும்போதும் வெளிவரும் நுண்துளிகள், பூட்டிய அறையில் சுருட்டுப் புகை நிற்பதுபோல நெடுநேரம் காற்றில் நிற்கும். அப்பா பத்திய புகை எந்த மூலைவரை மணத்தது என்று உங்களுக்குத் தெரியும். இதுவும் அதுவரை போகும்.

அடுத்தது நாட்கணக்கு. விமானத்திலோ விமான நிலையத்திலோ தொற்றிய இன்புளுவன்சா 1 முதல் 4 நாளில் வெளிப்படும். கொவிட் பெரும்பாலும் 2 முதல் 5 நாள். பச்சைப்பிள்ளைகளுக்கு மிகவும் ஆபத்தான ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் 4 முதல் 6 நாள் எடுக்கும். 10ஆம் திகதி இறங்குபவர்களுக்கு 11 முதல் 16 வரைதான் கவனிக்க வேண்டிய நாட்கள், பொங்கல் அதற்குள்ளேயே வந்து விழுகிறது. போதாக்குறைக்கு, இன்புளுவன்சா உள்ளவர் தனக்கு ஒன்றும் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். மார்கழி, தை இங்கேயும் காய்ச்சல் காலம், கனடாவிலும் லண்டனிலும் நடுக் குளிர்காலம். ஆகவே வருபவர்களை மட்டும் சந்தேகிப்பது நியாயமில்லை. உங்கள் வீட்டிலிருந்து ரியூசனுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்குதான்.

செய்யக்கூடியதில் முதன்மையானது: இறங்கிய முதல் 5 இரவும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வேறு கூரையின் கீழ் படுக்கட்டும். கொக்குவிலிலோ திருநெல்வேலியிலோ ஒரு அனெக்ஸ் அல்லது விடுதி அறை. பகல் முழுக்க உங்கள் முற்றத்திலும் விறாந்தையிலும் இருக்கலாம், சாப்பிடலாம், சிரிக்கலாம். இரவுக்கு மட்டும் அங்கே. விமான ரிக்கெற் எடுக்கும் குடும்பத்துக்கு இந்தச் செலவு பெரிதில்லை. அப்பா வார்ட்டில் கிடந்த 8 நாளை ஒருமுறை நினைவுபடுத்தினால் தம்பியே ஒழுங்கு செய்வார்.

அது முடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே பிரியுங்கள். அப்பாவுக்குத் தனி அறை, உதவிக்கு ஒரே ஒரு ஆள், அந்த ஆள் மாறக்கூடாது. மகளும் குழந்தையும் நீங்களும் இன்னொரு அறை. மற்றவர்கள் ஹோலில், யன்னல் திறந்தபடி. இளசுகளுக்கு விறாந்தையில் நுளம்பு வலை கட்டிக் கொடுங்கள். கடைசியாக ஒரு அறையை, முடிந்தால் தனிக் குளியலறை உள்ளதை, யாருக்கும் கொடுக்காமல் வெறுமையாக வைத்திருங்கள். இந்த வெறும் அறை இல்லாததால்தான் பல வீடுகளில் ஒழுங்கு குலைகிறது. தடிமன் வந்தவரை அனுப்ப இடமில்லாமல், "சும்மா சளிதானே" என்று அவரும் அதே ஹோலிலேயே படுத்துவிடுவார்.

கட்டுநாயக்காவிலிருந்து வரும் வானைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஏறத்தாழ 400 கிலோமீற்றர், 7, 8 மணித்தியாலம், 12 பேர், யன்னல் பூட்டி ஏ.சி. வீட்டு ஹோலைவிட மோசமான இடம் அது. அப்பாவையும் பிள்ளை பெற்ற மகளையும் கூட்டிக்கொண்டு போய் வரவேற்கும் வழக்கத்தை இந்தமுறை விடுங்கள். கூட்டிவரப் போகிறவர் ஒருவர் போதும், அவர் அப்பாவின் பராமரிப்பில் இல்லாதவராக இருக்கட்டும். சாரதியிடம் ஏ.சி.யை உள்காற்றைச் சுழற்றும் நிலையில் விடாமல் வெளிக்காற்றை எடுக்கும் நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பொத்தானின் விளக்கு அணைந்திருந்தால் சரி. முன்யன்னல் ஒன்றும் அதற்கு எதிர்மூலைப் பின்யன்னல் ஒன்றும் இரண்டு விரல் அகலம் திறந்திருந்தால் காற்று உள்ளே குறுக்காக ஓடும்.

இனி வீட்டுக் காற்று. "பனி படும், யன்னலைச் சாத்து" என்பது தை மாத இரவுகளில் எல்லா வீட்டிலும் கேட்கும் சொல். குளிர்காற்று பட்டால் முட்டுக்காரருக்கு மூச்சுக்குழாய் சுருங்கும், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பனி வைரஸைக் கொண்டுவராது. பூட்டிய அறையில் உள்ள மனிதர்தான் கொண்டுவருவார். அப்பாவுக்குத் தலையில் மவ்ளர், நெஞ்சுக்குப் போர்வை, கட்டிலை யன்னலுக்கு நேரே போடாமல் பக்கச் சுவரோடு. யன்னல் திறந்தே இருக்கட்டும். ஒரு யன்னல் மட்டும் திறந்தால் காற்று அதிகம் அசையாது. எதிர்ச் சுவரில் இன்னொரு வழி வேண்டும், கதவானாலும் சரி. சீலிங் மின்விசிறி இருக்கும் காற்றைக் கலக்கும், வெளியேற்றாது. நிற்கும் மின்விசிறியை ஒரு யன்னலுக்கு ஒரு முழம் உள்ளே வைத்து வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பினால் அது அறையின் காற்றை வெளியே தள்ளும், எதிர் யன்னலால் புதுக்காற்று வரும். அப்படித் திருப்பும்போது அந்தக் காற்று அப்பாவின் அறைக்கோ குழந்தையின் அறைக்கோ போகாமல் முற்றத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். நுளம்பு வலை அடித்த யன்னல் என்றால் வலையைக் கழுவுங்கள். தூசி அடைத்த வலை பூட்டிய யன்னலுக்குச் சமம். நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய நாற்சார் வீடு என்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

காற்றுச் சுத்திகரிப்பான் கொண்டுவரட்டுமா என்று தம்பி கேட்கக்கூடும். நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது பயன்தரும். அளவு கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். அப்பாவின் அறை 12 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி என்று வைத்தால் 1680 கன அடி. மணிக்கு 5 தடவை அந்தக் காற்று முழுவதும் வடிகட்டப்பட, நிமிடத்துக்கு 140 கன அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 240 கனமீற்றர் தள்ளும் கருவி தேவை. பெட்டியில் இந்த எண் போட்டிருக்கும். ஆனால் கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. அங்கே வாங்கிய கருவியை இங்கே செருகினால் எரிந்துபோகும். லண்டனிலிருந்து அத்தை கொண்டுவந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நேரில் வந்து பெட்டி இறக்கியபின் சொன்னால் அது முகத்தை முறிப்பதாகும். இப்போதே குடும்ப வட்ஸ்அப் குழுவில், உங்கள் பெயரில் போடாமல் அப்பாவின் பெயரிலும் குழந்தையின் பெயரிலும் எழுதுங்கள். இப்படி எழுதலாம்: "எல்லாரையும் காண அப்பா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். போனமுறை அவர் பட்ட பாடு தெரியும்தானே. டொக்டர் சில ஒழுங்கு சொல்லியிருக்கிறார். வெளிக்கிட முன் ஆருக்கும் தடிமன், தொண்டை நோ, காய்ச்சல் இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கோ, தனி அறை ஒழுங்காக இருக்கு. பிளேனில மாஸ்க் போடுங்கோ. பிள்ளையை இந்தமுறை ஆரும் கொஞ்ச வேண்டாம், அடுத்த வருசம் ஆசை தீரக் கொஞ்சலாம்." தனி அறை இருக்கிறது என்ற செய்தி முக்கியம். தன்னை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் மனிதர் இருமலை மறைக்கிறார்கள்.

தடுப்பூசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இன்புளுவன்சா ஊசி வேலைசெய்ய 2 கிழமை எடுக்கும், ஆகவே வருபவர்கள் நத்தாருக்கு முன்பே போட்டுவிட வேண்டும். அப்பாவுக்கும் பாலூட்டும் மகளுக்கும் உங்களுக்கும் இங்கே தனியார் வைத்தியசாலைகளில் கேட்டுப் பாருங்கள். ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்த ஊசி போட முடியாது, சுற்றியுள்ளவர்கள் போட்டுக்கொள்வதுதான் அதற்குக் காவல். அப்பாவுக்கு நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகொக்கல் ஊசி பற்றியும் கிளினிக்கில் கேளுங்கள். அத்தைக்கு 75 தாண்டியிருந்தால் ஆர்.எஸ்.வி. ஊசியைத் தன் வைத்தியரிடம் கேட்கட்டும். பிரித்தானியாவில் 2024 செப்ரெம்பரில் 75 முதல் 79 வயது வரையானவர்களுக்கும், 28 வாரம் கடந்த கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

வீட்டிலேயே மூக்குச்சளியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ரபிட் அன்ரிஜன் ரெஸ்ற் கிற் கொண்டுவந்தால் நல்லது, கொவிட்டும் இன்புளுவன்சாவும் ஒன்றாகப் பார்க்கும் வகை இன்னும் நல்லது. தடிமன் தொடங்கிய நாளில் ஒரு கோடு மட்டும், அதாவது வைரஸ் தெரியவில்லை என்று, வந்தால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று எடுத்துவிடக்கூடாது. 48 மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். கிற்றை வெயிலில் நிற்கும் வானுக்குள் விட்டுவிட்டால் பழுதாகிவிடும், பெரும்பாலானவை 30 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டியவை.

ஒருவருக்கு அறிகுறி தொடங்கினால் அன்றே அந்த வெறும் அறைக்கு. சாப்பாடு வாசலில். காய்ச்சல், மருந்தில்லாமலே விட்டு 24 மணித்தியாலம் ஆனபின் அவர் முற்றத்துக்கு வரலாம், மேலும் 5 நாள் மாஸ்க்கோடு. அப்பாவுக்கும் குழந்தைக்கும் கிட்டப் போவதற்கு மட்டும் 10 நாள் பொறுக்கட்டும். மாஸ்க் என்றால் என்95 அல்லது கேஎன்95. மூக்குப்பாலத்தில் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, பலமாக ஊதிப் பாருங்கள். கண்பக்கம் காற்று வந்தால் சரியாகப் பொருந்தவில்லை. நீல நிற சத்திரசிகிச்சை மாஸ்க் கன்னத்தோரம் ஒழுகும், ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. தாடி வைத்தவருக்கு என்95 பாதிப் பயன்தான்.

பொங்கல் காலையில் வைரஸைவிட அப்பாவுக்கு முதலில் வரும் எதிரி புகை. ஈரம் பிடித்த விறகும் பொச்சும் புகையும், பக்கத்திலே பிள்ளைகள் சீனவெடி கொளுத்துவார்கள். புகையால் சினந்த மூச்சுக்குழாயில் வைரஸ் இன்னும் இலேசாகப் பிடிக்கும். தையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும், ஆகவே அப்பாவின் கதிரையை அடுப்புக்கு வடகிழக்குப் பக்கமாக, ஏழெட்டு அடி தள்ளிப் போடுங்கள். போடமுன் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பாருங்கள். விறகை இப்போதே கூரைக்குக் கீழே அடுக்கிக் காயவிடுங்கள். வெடியை ஒழுங்கைப் பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள். சாப்பாட்டைத் தகரப் பந்தலுக்குக் கீழே, பக்கங்களைச் சீலையால் மூடாமல் வையுங்கள். அப்பாவின் அருகில் உங்கள் வீட்டார் மட்டும் இருக்கட்டும், வந்தவர்கள் ஒரு பாய் தூரம் தள்ளியிருந்து அவரோடு கதைக்கலாம்.

பிள்ளை விஷயத்தில் எங்கள் முன்னோரின் 31 நாள் துடக்கு ஒரு நல்ல வேலியாக இருந்தது. ஆனால் உங்கள் பேத்திக்குத் துடக்குக் கழிந்து பத்து நாளிலேயே 17 பேர் கூடுகிறார்கள். முதல் 3 மாதமும் வேலி வேண்டும். பிள்ளையின் தாய், தகப்பன், நீங்கள் தவிர யாரும் தூக்க வேண்டாம். கையைக் கொஞ்சுவதும் முகத்தைக் கொஞ்சுவதும் ஒன்றுதான், அடுத்த நிமிடம் அந்தக் கை வாய்க்குள் போகும். ஆசை அடங்காதவர்கள் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கைகழுவிவிட்டுப் பாதத்தைத் தொடட்டும். சின்னப் பிள்ளைகள்தான் கூடிய ஆபத்து: பாலர் பாடசாலைக்குப் போகும் 3, 4 வயதுக்காரர் மூக்கு ஒழுகிக்கொண்டே பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிவார்கள். அவர்களுக்குத் தூரத்திலிருந்து கிலுக்கட்டி ஆட்டும் வேலையைக் கொடுங்கள்.

குளிக்கவார்த்தபின் சாம்பிராணி பிடிப்பதை நிறுத்துங்கள், அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்கும் அப்பாவின் நுரையீரலுக்கும் கேடு. கற்பூரம், விக்ஸ், யூக்கலிப்ரஸ் எண்ணெய் எதுவும் பிள்ளையின் நெஞ்சிலோ மூக்கிலோ பூச வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் தொட்டுவைக்கவும் கூடாது. இருமல் மருந்து எதுவும் வேண்டாம். மூக்கடைத்துப் பால் குடிக்கச் சிரமப்பட்டால், பாலூட்டமுன் ஒவ்வொரு மூக்குத்துளையிலும் 2 துளி உப்புநீர்ச் சொட்டுமருந்து, பாமசியில் கிடைக்கும். மகளுக்கே தடிமன் வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. மாஸ்க் போட்டு, கைகழுவி ஊட்டட்டும். அந்தப் பாலோடு எதிர்ப்புப் பொருளும் போகிறது.

பிள்ளையின் உடல்வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், வேறு ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்கு. பனடோல் சொட்டுக் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்ப்பது 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பொருந்தாது. மூச்சை எண்ணப் பழகுங்கள்: பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறுவதை மணிக்கூடு பார்த்து முழு 60 விநாடியும் எண்ணுங்கள். 30 விநாடி எண்ணி இரட்டிப்பது சரிவராது, பச்சைப்பிள்ளைகள் விட்டுவிட்டு மூச்செடுப்பார்கள். 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால், திரும்ப எண்ணியும் அதே என்றால், போங்கள். விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குதல், முனகல், வழமையில் பாதிப் பால்கூடக் குடிக்காமை, உதடு நீலம் பாரித்தல், மூச்சு நின்றுபோதல் எதுவானாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அப்பாவுக்கு இப்போதே செய்ய வேண்டியவை: விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் வீதத்தைப் பார்க்கும் ஒரு ஒக்சிமீற்றர் வாங்கி, அவர் சுகமாக இருக்கும் நாட்களில் காலை, மாலை பார்த்து எழுதிவையுங்கள். கை குளிர்ந்திருந்தால் பிழையாகக் காட்டும், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி ஒரு நிமிடம் பொறுத்து வாசியுங்கள். நாட்பட்ட முட்டுக்காரருக்கு வழமையே 91, 92 ஆக இருக்கலாம், அதனால்தான் முன்கூட்டிய குறிப்பு வேண்டும். வருத்தம் தொடங்கியபின் அந்த வழமையிலிருந்து 3 குறைந்தால், அல்லது ஒரு வசனத்தை முடிக்காமல் மூச்சு வாங்கினால், அல்லது தடுமாறிக் கதைத்தால் வைத்தியசாலைக்கு. பொங்கல் விடுமுறையில் கிளினிக் திகதி தள்ளிப்போகும், இன்ஹேலரும் சீனி மருந்தும் 2 கிழமைக்குக் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். அவருக்கு இன்புளுவன்சா என்று சந்தேகம் வந்தால் ஒசெல்டமிவிர் என்ற மருந்து இருக்கிறது. முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன். "பொங்கல் முடியட்டும்" என்று அவர் சொல்வார், கேட்காதீர்கள். மிச்சம் கிடக்கும் அமொக்சிசிலின் அன்ரிபயோற்றிக்கை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம், அது வைரஸை ஒன்றும் செய்யாது.

பெட்டிகளோடு வரும் மருந்துகளைக் கவனியுங்கள். கனடாக்காரர் கொண்டுவரும் டைலினோலில் அசெற்றமினோஃபென் என்று எழுதியிருக்கும். அது நாங்கள் விழுங்கும் பனடோலேதான். சளிக்கான கூட்டு மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும். அதையும் இதையும் சேர்த்து விழுங்கினால் ஈரலுக்கு நஞ்சு. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் மொத்தம் 8க்கு மேல் கூடாது. மெலிந்த முதியவர் என்றால் அதிலும் குறைவு, அளவை வைத்தியரிடம் கேளுங்கள். அட்வில், புரூபன் போன்ற நோவு மாத்திரைகளை இந்த மாதங்களில் காய்ச்சலுக்குத் தொடவே வேண்டாம். வருவது டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். மழைக்கால யாழ்ப்பாணத்தில் எல்லாக் காய்ச்சலும் தடிமன் காய்ச்சல் இல்லை. 2024 டிசம்பரில் இங்கே காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் இறந்தபோது முதலில் காரணம் புரியாமல் இருந்து, பின்னர் எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. மூக்கொழுகல் இல்லாத காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவத்தல், வயல்வெள்ளத்தில் இறங்கியவர் என்றால் உடனே காட்டுங்கள். எந்தக் காய்ச்சலும் மூன்றாம் நாள் தொட்டால் இரத்தப் பரிசோதனை. கொத்தமல்லித் தண்ணி தாராளமாகக் குடிக்கலாம். வேது பிடிப்பதில் வைரஸ் சாகாது, கொதிதண்ணி பட்டு எரிந்த பிள்ளைகள்தான் வார்ட்டுக்கு வருகிறார்கள்.

பிள்ளையை முற்றத்துக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொண்டுவாருங்கள். வீட்டுக்குள் 17 பேர் நடுவே இருப்பதைவிட அங்கே பாதுகாப்பு. அடுப்பு மூட்ட முன், மகளின் மடியிலேயே, தலைக்குத் தொப்பி போட்டுப் பத்து நிமிடம். பூட்டனுடைய கதிரை வடகிழக்குப் பக்கம் போட்டிருக்கிறதல்லவா, அதற்குப் பக்கத்தில் மகளுக்கும் ஒரு கதிரை போடுங்கள். மற்றவர்கள் கோலத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும். பொங்கல் பொங்கி வெடி தொடங்குமுன் பிள்ளை உள்ளே போய்விட வேண்டும்.